ஸ்டாம்ப் கான்கிரீட் வாசலில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

வாசலுக்கும் போர்டிகோவுக்கும் வீட்டைச் சுற்றியுள்ள சந்துக்கும் ஸ்டாம்ப் கான்கிரீட் (ஈரக் கான்கிரீட்டில் நிறப் பொடி தூவி, கல் வடிவ அச்சை அழுத்திச் செய்யும் தரை) போடுவது கோவை, திருப்பூர் பக்கம் இப்போது சாதாரணமாகிவிட்டது. போட்ட வாரம் கருங்கல் பாவியது போலவே இருக்கும். ஆறு மாதம் கழித்து, இந்தத் தரை போடும் வேலை செய்யும் எனக்கு வரும் போன்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி. "வெள்ளையா ஆயிடுச்சுங்க", "உரியுது", "விரிசல் விட்டுடுச்சு". அடுத்த மூச்சிலேயே, "எந்த சீலர் வாங்கி அடிக்கட்டும்?"

பணம் வீணாவது அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. இந்தத் தரையில் நாலு அடுக்கு இருக்கிறது. மேலே கண்ணாடி போல சீலர் என்ற காப்புப் பூச்சு. அதன் கீழே இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் கலர் ஹார்டனர் என்ற நிறப் பொடி இறுகிய தோல். அதற்குக் கீழே 4 இஞ்ச் கான்கிரீட். எல்லாவற்றுக்கும் அடியில் மண். கோளாறு எந்த அடுக்கில் என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. மண் இறங்கிய தரைக்கு மூன்று தடவை சீலர் அடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், சீலர் மட்டும் பால் போல மங்கியதற்குத் தரையையே கொத்தி எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கடைக்குப் போகும் முன் நாலு சோதனை

ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு ரூபாய் நாணயம், ஓர் இரும்பு ஆணி, கொஞ்சம் தின்னர். இவ்வளவு போதும்.

தண்ணீரைத் தரையில் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் சீலர் உயிரோடு இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சித் தரை கறுத்தால் சீலர் தேய்ந்துபோய்விட்டது. நாணயத்தால் தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. பொக்கென்று வந்தால் மேல்தோல் கான்கிரீட்டை விட்டுப் பிரிந்திருக்கிறது. ஆணியால் ஒரு கீறு கீறுங்கள். பொடியாக உதிர்ந்தால் மேற்பரப்பு பலமில்லை.

தின்னர் சோதனை சீலரின் சாதியைச் சொல்லும். ஒரு மூலையில் பஞ்சில் நனைத்து அரை நிமிடம் வைத்து எடுங்கள். அந்த இடம் பிசுபிசுவென்று ஒட்டினால் தின்னரில் கரையும் அக்ரிலிக். அதைச் சரிசெய்வது சுலபம். எதுவுமே ஆகவில்லை என்றால் பாலியூரித்தேன் அல்லது எபாக்சி வகையாக இருக்கலாம், அல்லது அங்கே சீலரே மிச்சமில்லாமல் இருக்கலாம். எது என்பதைத் தண்ணீர்ச் சோதனை சொல்லிவிடும். போட்டவர் என்ன டின் வாங்கினார் என்பது எந்த வீட்டிலும் யாருக்கும் நினைவிருப்பதில்லை. அதனால்தான் இந்தப் பஞ்சு.

தரை வெள்ளையாகிவிட்டது

இந்த ஒரு புகாருக்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் மருந்து வேறு. போன மாதம் ஓர் அம்மா, "தம்பி, ஆசிட் ஊத்தி மூணு தடவ கழுவிட்டேன், வெள்ளை போகவே மாட்டேங்குது" என்றார். போகாது. அவர் வீட்டு வெள்ளை சீலருக்குள் இருந்தது. ஆசிட் அதைத் தொடவில்லை. சீலர் இல்லாத ஓரங்களில் மட்டும் நிறத்தைத் தின்று மணலை வெளியே காட்டிவிட்டது.

முதலில் அந்த வெள்ளையைக் கொஞ்சம் சுரண்டி ஒரு பழைய கரண்டியில் எடுத்து வினிகர் இரண்டு சொட்டு விடுங்கள். தரையின் மேலேயே விட்டுப் பார்க்க வேண்டாம், சிமென்டும் சேர்ந்து நுரைத்துக் குழப்பும்.

பொடியாகச் சுரண்ட வந்து, வினிகரில் நுரைத்தால் அது உப்பு பூத்தது. சிமென்ட் இறுகும்போது உள்ளே சுண்ணாம்பு உண்டாகிறது. ஈரம் அதைக் கரைத்து மேலே கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகத் தங்கிவிடுகிறது. தரையின் பலத்துக்கு இதனால் ஒன்றும் குறைவில்லை. கரும்பழுப்பு, கரிநிறத் தரைகளில் கண்ணை உறுத்தும், மணல்நிறத் தரையில் தெரியவே தெரியாது. முதல் மழைக்காலத்தில் மிகுதியாக வரும், அப்புறம் குறைந்துகொண்டே போகும்.

இதற்கு முதலில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் இன்னும் கார்பனேட்டாக மாறாத உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய் நாலு நாளில் திரும்பி வரும். காய்ந்த தரையில் நைலான் பிரஷ்ஷால் தேய்த்துப் பெருக்கி, முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். அப்புறம்தான் கழுவ வேண்டும். மிச்சம் இருந்தால் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தேய்த்துப் பாருங்கள். அதற்கும் மசியாதவற்றுக்கு மட்டும் ஆசிட், அதுவும் 20 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு. தரையை முன்னதாக நனைத்துவிட்டு, தண்ணீர் உள்ள வாளியில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒரு தடவை, நல்ல தண்ணீரால் இரண்டு தடவை கழுவுங்கள்.

ஒரே இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பப் பூத்தால் அங்கே தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது என்று பொருள். ஏசி தண்ணீர் சொட்டும் இடம், பூந்தொட்டி வரிசை, சுவரை ஒட்டிய பாத்தி, கசியும் தோட்டக் குழாய். அதை நிறுத்தாமல் தரையைத் தேய்ப்பது வீண்.

இரண்டாவது வகை, பால் ஊற்றி உறைந்தது போல மங்கலாக இருக்கும். கையால் தேய்த்தால் போகாது. பிளேடால் சுரண்டினால் செதிலாக வரும், வினிகரில் நுரைக்காது. இது சீலருக்கு அடியில் ஈரம் மாட்டிக்கொண்டது, அல்லது சீலரைக் கனமாக அடித்தது. என் கைவேலையிலேயே ஒருமுறை நடந்தது. தை முதல் வாரம் கிரகப்பிரவேசம் என்று அவசரப்படுத்தினார்கள். மார்கழிப் பனியில், மாலை 6 மணிக்கு மேல் இரண்டாவது கோட் அடித்தேன். காலையில் வந்து பார்த்தால் 600 சதுர அடியும் மோர் தெளித்தது போல இருந்தது.

தின்னர் சோதனையில் ஒட்டிய சீலர் என்றால் இதைச் சரிசெய்யலாம். கெமிக்கல் கடையில் சைலீன் கிடைக்கும். இரண்டு நாள் நல்ல வெயிலில் தரை காய்ந்தபின், சைலீனை ரோலரில் மெல்லிசாக ஓட்டினால் பழைய சீலர் இளகிக் கரையும். அதே ரோலரால் குறுக்கே ஒருமுறை இழுத்துவிட்டால் அடியில் மாட்டிய ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும். புதிதாக சீலர் சேர்க்க வேண்டியதில்லை. சைலீன் எளிதில் தீப்பற்றும், ஆவி தலையைச் சுற்றவைக்கும். அடைத்த போர்டிகோவில் செய்யாதீர்கள். பக்கத்தில் பூஜை விளக்கு, அடுப்பு, மோட்டார் சுவிட்ச் எதுவும் வேண்டாம். ஆவியை வடிகட்டும் கரி ஃபில்டர் உள்ள மாஸ்க் போடுங்கள். அன்றைக்கு நான் செய்ததும் இதுதான், ஆனால் கிரகப்பிரவேசம் முடிந்து பத்து நாள் கழித்து, வெயில் ஏறிய பிறகு.

மூன்றாவது, குழாயடியிலும் கார் கழுவும் இடத்திலும் ஓரம் ஓரமாகப் படியும் கெட்டி வெள்ளை. போர்வெல் தண்ணீரின் உப்பு. வாளியின் உள்பக்கம் படிகிறதே, அதேதான். வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போகும். கார் கழுவியதும் தண்ணீரைத் தள்ளிவிட்டால் வராது.

சீலர் உரிகிறது, குமிழி விட்டிருக்கிறது

குமிழி என்றால் வெயிலில் அடித்திருக்கிறார்கள். சித்திரை மாத மதியத்தில் திறந்தவெளித் தரை 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சூடேறும் தரையின் நுண்துளைகளிலுள்ள காற்று விரிந்து மேலே வருகிறது. சீலரின் மேல்பக்கம் அதற்குள் உலர்ந்துவிட்டதால் குமிழியாக நின்றுவிடுகிறது. சூடு இறங்கும் நேரத்தில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. வெறுங்காலோடு தரையில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் அடிக்கலாம். பனிக்காலத்தில் மட்டும் மாலையைத் தவிர்த்து, காலையில் ஈரம் காய்ந்ததும் வேலையை ஆரம்பித்து முடித்துவிட வேண்டும்.

குமிழி விட்ட அக்ரிலிக்கையும் சைலீன் ஓட்டி இளக்கிச் சமன்படுத்தலாம். உரிந்து செதிலாக வந்தால் அது முடியாது. ஒட்டாததற்குக் காரணம் அடியில் இருக்கிறது. பெரும்பாலும் ரிலீஸ் பவுடர்தான். அச்சு ஒட்டாமல் இருக்கத் தூவும் அந்தப் பொடியை இரண்டு மூன்று நாளில் நன்றாகக் கழுவ வேண்டும். பள்ளங்களில் கொஞ்சம் தங்கினால்தான் பழைய கல்லின் களை வரும் என்பது உண்மை. ஆனால் விரலால் தேய்த்தால் கையில் ஒட்டும் அளவுக்கு விட்டுவிட்டு மேலே சீலர் அடித்தால், சீலர் தரையில் ஒட்டாமல் மாவின் மேல் ஒட்டியிருக்கும். கார் டயர் ஏறி இறங்கினால் தோலோடு வரும்.

உரிந்த இடத்துக்கு மேலேயே புதுசு அடித்தால் ஆறு மாதம்தான் நிற்கும். பழையதை எடுத்துவிட வேண்டும். எடுத்த பின் ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு முழுக்க, 16 மணி நேரமாவது விடுங்கள். காலையில் தாளின் அடியில் வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. புதுக் கான்கிரீட் என்றால் 28 நாளாவது பொறுக்க வேண்டும். இரண்டு மெல்லிய கோட் போதும், லிட்டருக்கு 50 முதல் 75 சதுர அடி வந்தால் சரியான அளவு. ஒரே கோட்டில் பளபளப்பு வர வேண்டும் என்று ஊற்றி இழுப்பவரை நிறுத்துங்கள்.

நிறம் வெளுத்துவிட்டது, திட்டுத் திட்டாக இருக்கிறது

தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நனைந்ததும் பழைய நிறம் பளிச்சென்று திரும்பினால் நிறம் எங்கும் போகவில்லை, சீலர்தான் தேய்ந்திருக்கிறது. கழுவி, காயவைத்து ஒரு கோட் அடித்தால் முடிந்தது. வெயில் மழையில் கிடக்கும் தரைக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இது எப்படியும் வேண்டும்.

நனைந்தும் திரும்பவில்லை என்றால் நிறமியே போய்விட்டது. சிவப்பு, மஞ்சள், பழுப்பு, கறுப்பு ஆக்சைடு எல்லாம் இரும்புத் துருவின் உறவுகள். தாத்தா வீட்டுச் சிவப்புத் தரை இன்னும் சிவப்பாக இருப்பதற்குக் காரணமும் அதே இரும்பு ஆக்சைடுதான். வெயிலோ சிமென்டின் காரமோ அதை ஒன்றும் செய்யாது. வெளுப்பது மலிவான நீலமும் பச்சையும். துணிச்சாயம் போன்ற நிறமிகள் சுண்ணாம்புக் காரத்திலும் வெயிலிலும் தாங்காது. இப்படி ஆனதற்கு நிறம் கலந்த சீலரோ கான்கிரீட்டுக்கான ஸ்டெய்ன் சாயமோ அடித்து மறைப்பதுதான் வழி.

திட்டுத் திட்டாக இருப்பதற்கு எங்கள் ஊரில் முதல் காரணம் கியூரிங், அதாவது கான்கிரீட் இறுகும்வரை அதை ஈரமாக வைத்திருக்கும் முறை. நம் கொத்தனார்களுக்குப் பழகிய முறை, கலவையால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது. மொட்டைமாடிக்கு அது அருமையான முறை. நிறத் தரையில் செய்தால் பாத்தி வரப்பு இருந்த இடமெல்லாம் சாம்பல் கோடாகவும், தண்ணீர் நின்ற இடமெல்லாம் வெள்ளை வட்டமாகவும் நிலைத்துவிடும். புதுச் சணல் சாக்கு போட்டால் அதன் பழுப்புச் சாறு இறங்கும். பாலித்தீன் போர்த்தினால் தாள் தொட்ட இடம் ஒரு நிறம், மடிப்புத் தூக்கிய இடம் வேறு நிறம். ஈரம் வெளியேறாமல் தடுக்கும் நிறமில்லாத கியூரிங் காம்பவுண்டை ஸ்பிரேயரில் அடிப்பது நல்லது, அது பின்னால் போடும் சீலரோடு ஒத்துப்போகுமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் தரை எந்த நேரமும் காயாதபடி பூவாளி போல ஒரே சீராகத் தெளிக்க வேண்டும். காலையும் மாலையும் ஹோஸ் பிடித்துவிட்டுப் போவது கியூரிங்கில் சேராது. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 456 விதி கலப்புச் சிமென்டுக்கு (ஃபிளை ஆஷ் சாம்பல் போன்றவை கலந்தது) குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும் என்கிறது, 14 நாள் வரை நீட்டச் சொல்கிறது. கடையில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது கலப்புச் சிமென்ட்தான். இங்கே பலர் 7 நாளோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஏற்கெனவே விழுந்த திட்டுகளை முழுக்க அழிக்க முடியாது. மேலே உள்ள உப்பை எடுத்துவிட்டு, லேசாக நிறமேற்றிய சீலரால் வித்தியாசத்தைக் குறைக்கலாம். கல் போன்ற அச்சில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் அழகுதான் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுவேன். பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள்.

விரிசல்

விரிசலைப் பார்த்ததும் பூசாதீர்கள். அதன் வடிவமே காரணத்தைச் சொல்லும்.

சிலந்திவலை போல மெல்லிய கோடுகள், நனைத்துக் காயும்போது மட்டும் தெரிந்தால், அது மேல்தோலின் சுருக்கம். ஓரிரு மில்லிமீட்டருக்குக் கீழே போகாது. விட்டுவிடலாம். கொத்தனார் மேலே ஈரத்தைப் பார்த்து வெறும் சிமென்ட் தூவிக் கரண்டியால் இழுத்திருப்பார்.

ஒன்றுக்கொன்று இணையாக, அடிக்கணக்கில் நீண்டு, போட்ட அன்றே வந்த கோடுகள் என்றால் காற்றின் வேலை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் இது அடிக்கடி வரும். மேலே ஊறிவரும் தண்ணீரைவிட வேகமாகக் காற்று உறிஞ்சிக்கொண்டு போகிறது. இன்னும் இறுகாத தரை அப்படியே பிளக்கிறது. ஆழம் கொஞ்சம் இருக்கும், அகலம் ஆகாது.

தரையின் நடுவே குறுக்காக ஒன்று, அல்லது தூண் மூலையிலிருந்தும் சாக்கடைச் சேம்பரின் மூலையிலிருந்தும் சாய்வாக ஒன்று ஓடினால் ஜாயின்ட் கோடு (சுருக்க விரிசல் அதற்குள் விழட்டும் என்று முன்பே வெட்டிவிடும் கோடு) இல்லாத குறை. கான்கிரீட் காயும்போது சுருங்கியே தீரும். 4 இஞ்ச் தரைக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு கோடு, 1 இஞ்ச் ஆழத்துக்கு வெட்ட வேண்டும். நம் வெயிலில் போட்ட 6 முதல் 12 மணி நேரத்துக்குள் வெட்டிவிட வேண்டும், மறுநாள் மதியம் கட்டிங் மெஷினோடு வந்தால் விரிசல் முந்திக்கொண்டிருக்கும். "டிசைன் நடுவுல கோடு அசிங்கமா இருக்கும், வேண்டாம்" என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் நிறைய. கல் அச்சின் இடுக்கு வழியாகவே கோட்டைக் கொண்டுபோனால் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு அச்சு வைக்கும் முன்பே கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்.

விரிசலின் ஒரு பக்கம் தாழ்ந்து, காலில் தட்டினால் மண் இறங்கியிருக்கிறது. கடைக்கால் தோண்டிய மண்ணையே சந்தில் தள்ளி, ஒரு மழை பெய்தால் அமுங்கிவிடும் என்று விட்டிருப்பார்கள். அரை அடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையாலோ பிளேட் மெஷினாலோ இடித்திருக்க வேண்டும். கரிசல் மண் என்றால் இன்னும் மோசம். மழைக்கு உப்பி, கோடைக்குச் சுருங்கி, தரையைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்கும். கரிசலை ஒன்றிரண்டு அடி எடுத்துவிட்டு கிராவல் நிரப்பாமல் அதன் மேல் எந்த அலங்காரத் தரையும் போடாதீர்கள்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு விரிசலும் உண்டு. போர்டிகோவுக்கு அடியில் தண்ணீர் சம்ப் இருக்கும். சம்பின் மூடித் தளம் கல்லாக நிற்கும், அதைச் சுற்றியுள்ள நிரப்பு மண் இறங்கும். ஒரே தரை இரண்டின் மேலும் உட்கார்ந்திருக்கிறது. சம்ப் சுவரின் ஓரத்தை அப்படியே ஸ்கேல் வைத்து வரைந்தது போல விரிசல் ஓடும். அந்த ஓரத்தில் தெர்மாகோல் பட்டை வைத்துத் தரையைப் பிரித்திருந்தால் விரிசலுக்கு வேலையில்லை. இப்போது செய்யக்கூடியது, விரிசல் வழியே கட்டிங் மெஷினால் நேர்கோடாக வெட்டி, அதையே ஜாயின்டாக மாற்றுவது.

கார் நிற்கும் தரை தண்ணீர் லாரிக்குத் தாங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 12,000 லிட்டர் லாரியில் தண்ணீரே 12 டன். சம்புக்கு நிரப்ப அதை போர்டிகோ வரை பின்னால் எடுத்துவரச் சொன்னால், 4 இஞ்ச் தரையின் ஓரம் சில்லாகும். வாசலுக்கு வெளியே நிறுத்தி ஹோஸ் இழுக்கச் சொல்லுங்கள்.

அடைப்பதற்கு முன், விரிசல் இன்னும் அசைகிறதா என்று தெரிய வேண்டும். குறுக்கே இரண்டு மூன்று இடத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை மெல்லிய பட்டையாக ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். மழையில் கரையாமல் இருக்க மேலே ஒரு தகரமோ தட்டோ கவிழ்த்துவிடுங்கள். பட்டை பிளந்தால் அசைகிறது. கரிசல் பூமியில் ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்த பிறகே முடிவு சொல்லலாம். அசையும் விரிசலுக்கு இளகிக் கொடுக்கும் பாலியூரித்தேன் சீலன்ட் என்ற அடைப்புப் பசை. அது ஈரமாக இருக்கும்போதே தரையின் நிறத்திலுள்ள நைஸ் மணலைத் தூவி அழுத்திவிட்டால் ரப்பர் பட்டை போலத் தெரியாது. அசையாத விரிசலுக்குத் தண்ணீர் போன்ற எபாக்சியை ஊற்றி நிரப்பலாம். அசையும் விரிசலில் எபாக்சி ஊற்றினால் அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று பிளக்கும். வெள்ளைச் சிமென்ட் பூசுவது எதற்குமே ஆகாது, அது விரிசலைக் கோடு போட்டுக் காட்டுவதற்கு மட்டும் உதவும்.

மேல்தோல் பெயர்கிறது, பொடி உதிர்கிறது

நாணயச் சோதனையில் பொக்கென்ற இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். கலர் ஹார்டனர் பொடியைச் சதுர மீட்டருக்கு 3 கிலோவாவது தூவுவோம். கீழிருந்து ஊறி வரும் ஈரத்தைக் குடித்து அது கான்கிரீட்டோடு ஒன்றாக வேண்டும். தண்ணீர் தேங்கி நிற்கும்போதே தூவினால் அடியில் தண்ணீர்ப் படலம் மாட்டும். தாமதமாகித் தரை வறண்ட பின் தூவினால் குடிக்க ஈரமில்லை. அப்போது ஆள் கையில் தண்ணீர் அள்ளித் தெளித்து மேலே தேய்ப்பார், அந்த இடம் நிச்சயம் பெயரும்.

சின்னத் திட்டுகள் என்றால் தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, எஸ்பிஆர் லேட்டக்ஸ் என்ற ஒட்டுத் திரவம் கலந்த சிமென்ட் பால் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே அதே நிற ஹார்டனர் கலந்த கலவையால் நிரப்பி அச்சு வைக்கலாம். முதலில் ஒரு மூலையில் கையளவு செய்து மூன்று நாள் காயவிட்டு நிறத்தைப் பாருங்கள். ஈரத்தில் பொருந்தும் நிறம் காய்ந்தால் பொருந்துவதில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொக்கென்று சத்தம் வந்தால் ஒட்டுப் போடுவதை விட்டுவிட்டு, தளர்ந்தது முழுவதையும் எடுத்து மேலே அச்சு வைக்கக்கூடிய ஓவர்லே என்ற மெல்லிய புதுத் தளம் போடுவது மலிவு.

பெயராமல், ஆணிக்குப் பொடி மட்டும் உதிர்ந்தால் லித்தியம் சிலிக்கேட் டென்சிஃபையர் என்ற திரவம் இறுக்கித் தரும். சீலர் இருக்கும் தரைக்குள் அது இறங்காது, எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

தண்ணீர் தேங்குகிறது, பாசி பிடித்து வழுக்குகிறது

மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். முங்கினால் வாட்டம் போதவில்லை. வழவழப்பான தரைக்கு 10 அடிக்கு ஒன்றேகால் இஞ்ச் வாட்டம் போதும் என்பார்கள். அச்சின் பள்ளங்கள் தண்ணீரைப் பிடித்து வைப்பதால் ஸ்டாம்ப் தரைக்கு 2 இஞ்ச் விடுவது என் வழக்கம். தேங்குவது சுவரோரம் என்றால் ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்டிக் கிரேட்டிங் போட்டுவிடலாம். நடுவில் என்றால் ஓவர்லேதான்.

பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். செடிகளை முன்னதாக நன்றாக நனைத்துவிடுங்கள். மிக முக்கியமான ஒன்று: பிளீச்சிங் பவுடரும் பாத்ரூம் ஆசிட்டும் ஒன்றாகச் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். "ரெண்டையும் கலந்தா நல்லா போகும்" என்று சொல்லும் ஆள் எல்லாத் தெருவிலும் ஒருவர் இருக்கிறார்.

பாசி இல்லாமலும் வழுக்கினால் சீலர் கனம் கூடிப் பள்ளங்கள் மூடிவிட்டன. பளபளப்புக்காக மூன்றாவது, நாலாவது கோட் அடித்த தரைகள் மழையில் ஆபத்து, பெரியவர்கள் இருக்கும் வீட்டில் சொல்லவே வேண்டாம். சைலீனால் பழைய படலத்தைக் குறைத்துவிட்டு, கடைசிக் கோட்டில் ஆன்டி-ஸ்கிட் பவுடர் கலந்து ஒன்றே ஒன்று அடியுங்கள்.

கறைகள்

எஞ்சின் ஆயில் கசிந்தால் உடனே சுண்ணாம்புப் பொடியோ சிமென்டோ கொட்டி ஓர் இரவு விட்டுப் பெருக்குங்கள். பழைய கறைக்குத் தின்னர் எடுக்காதீர்கள், சீலரும் சேர்ந்து வரும். கேட்டின் துருக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம், கையுறையோடு, குழந்தைகள் இல்லாத நேரத்தில். நாவல் பழமும் தேக்கிலையும் விழும் இடத்தில் அன்றன்றே கூட்டுவதைத் தவிர நல்ல வழி கிடையாது. மஞ்சள்தூள் கறையை விட்டுவிடுங்கள், வெயில் தின்றுவிடும். டயர் தடம் சைலீன் நனைத்த துணிக்குப் போகும், அந்த இடத்தில் மட்டும் சீலரைத் தொட்டுவிட வேண்டும்.

தீபாவளிப் புஸ்வாணமும் சங்குசக்கரமும் அக்ரிலிக்கை உருக்கிக் கருக்கிவிடும். ஒரு பழைய டைலையோ மணல் தட்டையோ வைத்து அதன் மேல் விடச் சொல்லுங்கள். கார்த்திகை அகலுக்கும் அடியில் ஓர் இலை.

கோலத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. போட்டு முடித்த மறுநாள் காலை வீட்டம்மா தண்ணீர் தெளித்துப் புள்ளி வைக்கும்போதுதான் தெரியும், மாவு நிற்காது, கோடு அச்சுக்குள் விழுந்து உடையும், காவி பள்ளத்தில் தங்கி ஒரு வாரத்துக்குப் போகாது. நிலைப்படிக்கு நேரே நாலுக்கு நாலு அடி அச்சில்லாமல், சீலர் பளபளப்பில்லாமல் விடச் சொல்வது இப்போது என் வழக்கம். விட மறந்த தரையில் அந்தச் சதுரத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கடப்பா கல் பதித்துக் கொடுத்திருக்கிறேன், பார்க்கவும் நன்றாகவே இருந்தது.

எப்போது இடிக்க வேண்டும்

சீலரிலோ நிறத்திலோ உள்ள எந்தக் கோளாறுக்கும் இடிக்க வேண்டியதில்லை. விரிசலின் இரு பக்கமும் அரை இஞ்சுக்கு மேல் ஏறி இறங்கியிருந்தாலோ, மிதித்தால் தரை ஆடினாலோ, அடியில் எலி வளையோ கசிவோ மண்ணை அரித்திருந்தாலோ மேலே எதைப் பூசினாலும் நிற்காது. அப்போதும் முழுத் தரையையும் எடுக்காமல், ஜாயின்ட் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவிலுள்ள கட்டத்தை மட்டும் வெட்டி எடுங்கள். மண்ணை இடித்துக் கெட்டியாக்கி, பழைய தரையின் ஓரத்தில் துளை போட்டு அடிக்கொரு கம்பி சொருகி, அப்புறம் கான்கிரீட் போடலாம்.

புதுக் கட்டம் பழையதோடு நிறத்தில் சேர்வது, அதே ஹார்டனர் கையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதனால் முதல் தடவை போடும் அன்றே இரண்டு கிலோ கலர் ஹார்டனரும் கால் கிலோ ரிலீஸ் பவுடரும் தனியாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, நிறத்தின் பெயரையும் சீலர் வகையையும் மேலே எழுதி, பரணில் போட்டு வையுங்கள்.